ஈயலம்பக் குட்டையில் மிதக்க ஒரு சம்புப் படகு: கட்டுவது எப்படி

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருப்பவர்களுக்குச் சம்பை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் வாயில் வருவது பழைய பெயர்தான்.) ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளின் ஓரத்திலும், செம்பனைத் தோட்டத்து லோங்காங்கிலும் (வடிகால்) ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, உச்சியில் சொசேஜைக் குச்சியில் குத்தி வைத்தது போல் பழுப்புக் கதிரோடு நிற்குமே, அதுதான். வழியை அடைக்கிறது என்று வெட்டித் தள்ளுவதோடு சரி, யாரும் அதை ஒரு பொருளாக மதிப்பதில்லை. ஆனால் 1977-ல் நோர்வே நாட்டுக் கடலோடி ஆய்வாளர் தோர் ஹெயர்டால் ஈராக்கில் கட்டிய 18 மீட்டர் நீளமுள்ள 'டிக்ரிஸ்' என்ற படகு இந்தச் சம்பு இனத்தில்தான் கட்டப்பட்டது. அது பாரசீக வளைகுடாவைத் தாண்டி, ஓமானையும் பாகிஸ்தான் கரையையும் தொட்டு, செங்கடல் வாசலில் இருக்கும் ஜிபூத்தி வரை போனது.

நாம் கட்டப்போவது அவ்வளவு பெரியதில்லை. ஒரு ஆள் மண்டி போட்டு உட்கார்ந்து, குட்டையில் துடுப்புப் போட்டுச் சுற்றி வந்து, வேண்டுமென்றால் ஒரு தூண்டிலும் போடுகிற மாதிரி மூன்று மீட்டர் படகு. பெரு நாட்டுக் கடற்கரையில் ஹுவான்சாக்கோ என்ற ஊர் மீனவர்கள் இன்றைக்கும் அலைமேல் ஏறிப் போய் வலை போட்டுத் திரும்புகிற கோரைப் படகுதான் இதற்கு மாதிரி, கட்டும் முறையை மட்டும் பெரு, பொலிவியா எல்லையில் உள்ள டிட்டிக்காக்கா ஏரிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இது புரியாமல் கட்டினால் படகு இரண்டாம் நாளே தொங்கிப்போகும். மரப்படகு தண்ணீரை வெளியே நிறுத்தி மிதக்கிறது. சம்புப் படகு அப்படி இல்லை, அதற்குள் தண்ணீர் தாராளமாக வரும், போகும், ஓட்டை என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு தாளுக்குள்ளும் அடைபட்டிருக்கிற காற்றுதான் உங்களைத் தாங்குகிறது. ஒரு சம்புத் தாளை அடிப்பக்கத்தில் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெல்லிய சுவர் வைத்துத் தடுத்த குட்டிக் குட்டி அறைகள் வரிசையாகத் தெரியும். அந்த முனையைத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கினால் பொடிப் பொடியாகக் குமிழி வரும். அந்தக் குமிழிதான் உங்கள் படகு. ஆகவே வேலை இரண்டே இரண்டு: அந்த அறைகளுக்குள் ஈரம் இல்லாமல் காயவைப்பது, அப்புறம் தாள்கள் அசையாதபடி இறுக்கிக் கட்டுவது. காயவைப்பதில் கொஞ்சம் குறை இருந்தாலும் சமாளிக்கலாம். கட்டு தளர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு சம்பு வேண்டும்?

30 செ.மீ. குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 212 லிட்டர். முன்பக்கம் கூம்பிப் போவதால் 160 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டு சேர்ந்தால் 320 லிட்டர், அதாவது முழுக்க முங்கினால் 320 கிலோ தண்ணீரைத் தள்ளும். சம்பின் சொந்த எடை, ஊறுகிற தண்ணீர் என்று அதில் பாதியைக் கழித்துவிட்டாலும் 160 கிலோ மிச்சம் இருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு இது தாராளம். 90 கிலோவுக்கு மேல் இருந்தால் குறுக்களவை 35 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள், நீளத்தைக் கூட்ட வேண்டாம். நீளம் கூடினால் நடுவில் வளையும்.

பச்சையாக அறுக்கும்போது இரண்டு மடங்குக்குக் குறையாமல் அறுங்கள். காய்ந்ததும் சுருங்கும், இறுக்கும்போது இன்னும் சுருங்கும், போதாக்குறைக்குக் கறுத்துப் போனதையும் ஒடிந்ததையும் கழிக்க வேண்டிவரும். பாதி கட்டிவிட்டு மறுபடி குட்டைக்கு ஓடினால் காய்ந்ததும் பச்சையும் கலந்துபோகும், அது எதற்கும் ஆகாது.

அறுப்பு

ஈராக்கின் சதுப்பு நில அரபு மக்கள் ஹெயர்டாலிடம் சொன்ன ஒரு விஷயம் உண்டு: ஆகஸ்டு மாதத்தில் அறுத்த சம்புதான் தண்ணீர் குடிக்காது. அவரும் அதைக் கேட்டு அந்த மாதத்திலேயே அறுத்தார், ஐந்து மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் டிக்ரிஸ் நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தது. நமக்கு அவர்களைப் போல் மழையே இல்லாத கோடை கிடையாது. சிலாங்கூரில் மழை கொஞ்சம் அடங்குகிற ஜூன், ஜூலைதான் தோது. நன்றாக முற்றி, நுனி லேசாகப் பழுக்கத் தொடங்கிய, இரண்டு மீட்டருக்குக் குறையாத தாளாகப் பாருங்கள். இளம் பச்சை தாள் காய்ந்தால் காகிதம், உள்ளே ஒன்றும் நிற்காது. கதிர் வந்த தண்டை ஒதுக்கிவிடுங்கள், அது கட்டை மாதிரி விறைத்து மற்றதோடு படியாது, காய்ந்ததும் பஞ்சு வேறு வெடித்து வீடெல்லாம் பறக்கும்.

நாணலையும் சம்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாணல் தண்டு கணுக்கணுவாக, உள்ளே குழலாக இருக்கும், இறுக்கினால் நொறுங்கும், ஓரம் கையைக் கிழிக்கும். உருண்டையான கோரை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் டிட்டிக்காக்காவிலும் ஹுவான்சாக்கோவிலும் பயன்படுத்துகிற டொட்டோரா கோரை வகைதான். ஆனால் நம் பக்கத்தில் ஒரே இடத்தில் ஒரு படகுக்கு ஆகிற அளவுக்குக் கிடைப்பது சம்புதான்.

அறுக்கப் பாராங் (வெட்டுக்கத்தி) வேண்டாம், அரிவாள் போதும். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுங்கள், கிழங்கு அழுகாமல் மறுபடி தழைக்கும். நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்து லோங்காங் என்றால் மானேஜரிடமோ மண்டோரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரும்பாலும் "எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு வேலை மிச்சம்" என்பார்கள். ஆனால் அண்மையில் களைக்கொல்லி அடித்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இதில் விளையாட்டு வேண்டாம்: ஈயலம்பக் குட்டை ஆற்றங்கரை மாதிரி மெதுவாக ஆழமாகாது. இரண்டடி எடுத்து வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆளையே காணோம். மணல் சரியும். ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள், கரையில் ஒருவர் கயிறோடு நிற்கட்டும், தண்ணீரில் இறங்குகிறவர் பாதுகாப்பு அங்கி போட்டிருக்கட்டும். நீளச் சப்பாத்தும் கையுறையும் அட்டைக்கும் பாம்புக்கும் மட்டுமில்லை, எலிச் சிறுநீர் நோய்க்கும்தான். காலில் புண் இருந்தால் அன்றைக்கு அறுக்கவே இறங்காதீர்கள்.

காயவைத்தல்

நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். திறந்த வெளியில் போட்டால் காய்ந்ததெல்லாம் மறுபடி நனைந்து கரும்புள்ளி விழும், கரும்புள்ளி விழுந்த தாள் தண்ணீரில் சீக்கிரம் கரையும். தகரக் கூரை போட்ட கார் கொட்டகை, கோயில் பந்தல், பழைய லயத்து ஐந்தடி, இப்படி மேலே சூடும் பக்கத்தில் காற்றும் உள்ள இடமாகப் பிடியுங்கள். தரையில் பரப்பாமல் இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டு அதன்மேல் ஒரு கையளவு கனத்துக்குப் பரப்புங்கள். தினம் ஒருமுறை புரட்டுங்கள். இரண்டு, மூன்று வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

காய்ந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேல்பக்கம் முதல் வாரத்திலேயே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அடிப்பக்கக் கனத்த முனையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சியாகப் பட்டாலோ, வழவழவென்று இருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம். அழுத்தின இடம் மெத்தென்று போய்த் திரும்பி எழுந்தால் சரி.

முதலில் ஒரு புணை

நேராகப் படகுக்குப் போகாதீர்கள். தொடை கனத்துக்கு, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கட்டு கட்டி ஆழமில்லாத இடத்தில் போட்டு, மேலே படுத்துப் பாருங்கள். ஈஸ்டர் தீவுக்காரர்கள் கூரான ஒரு கோரைக் கட்டை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டுதான் கடலில் நீந்தினார்கள், அதை 'போரா' என்பார்கள். நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. காவிரிப் புதுவெள்ளத்தில் வேழப்புணையைத் தழுவிக்கொண்டு நீராடியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. இந்தச் சின்னப் புணையை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் கயிற்றுக்கடியில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் உங்கள் கை இன்னும் இறுக்கப் பழகவில்லை என்று அர்த்தம். படகுக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கட்டு

கயிற்றுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பது பிளாஸ்டிக் கயிறு, அது வழுக்கும், முடிச்சு நிற்காது. நைலான் நனைந்தால் நீளும், தளரும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். மணிலா கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. கட்டுப்படியாகவில்லை என்றால் தென்னை நார்க் கயிறு வாங்கி, நனைத்து இரண்டு மரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டிக் காயவிட்டு, அதன் நீட்சியை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 8 மில்லிமீட்டர் கனம், பக்கத்துக்கு 30 மீட்டர், ஆக 60 மீட்டர். அதோடு சாப்பாடு பொட்டலம் கட்டுகிற ரஃபியா கயிறு ஓர் உருண்டை, அது தற்காலிகக் கட்டுக்கு மட்டும்.

முந்தின இரவு சம்பின்மேல் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கைப் போர்த்தி வையுங்கள். பாய் முடைகிறவர்கள் கோரையை நனைத்துக்கொண்டு முடைவதும் இதற்காகத்தான். முழுக்கக் காய்ந்த தாள் வளைக்கும்போது படக்கென்று ஒடியும். தெளித்தால் போதும், ஊறவைக்க வேண்டாம்.

தரையில் அரை மீட்டருக்கு ஒரு ஜோடியாக, 30 செ.மீ. இடைவெளி விட்டு மூங்கில் முளைகளை அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ரஃபியாவைத் தரையில் குறுக்கே போட்டுவிட்டு, மேலே சம்பை அடுக்குங்கள். கனத்த அடிமுனை எல்லாம் பின்பக்கம், மெல்லிய நுனி எல்லாம் முன்பக்கம். ஒரே இடத்தில் எல்லா முனையும் முடியக்கூடாது, ஒவ்வொரு பிடியையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி வைத்துக்கொண்டே போனால் இரண்டரை மீட்டர் தாளிலேயே மூன்று மீட்டர் கட்டு வந்துவிடும், மூக்கும் தானாகக் கூம்பும். சுற்றளவு 94 செ.மீ. வந்தால் குறுக்களவு 30. ஆனால் அடுக்கும்போது 120 செ.மீ. வரை ஏற்றுங்கள், இறுக்கினால்தான் 94-க்கு வரும்.

இப்போது ரஃபியாவைக் கட்டி, மேலே பலகை வைத்து மிதித்து, உருட்டி, மறுபடி இறுக்குங்கள். லோரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற முடிச்சு தெரிந்த ஆள் எல்லாத் தாமானிலும் (குடியிருப்பு) ஒருவர் இருப்பார், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு கண்ணி போட்டு அதற்குள் விட்டு இழுக்கிற அந்த முடிச்சுதான் இங்கே வேலை செய்யும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மாலையில் கல்லாக இறுகியிருக்கிற கட்டு காலையில் பார்த்தால் தளர்ந்திருக்கும், உள்ளே தாள்கள் படிந்து இடம் விட்டிருக்கும். மறுபடி இறுக்கி, இன்னும் ஓர் இரவு விட்டு, மறுபடி இறுக்குங்கள்.

இதே மாதிரி இன்னொரு பெரிய கட்டு. அதோடு மூன்றாவதாக, 12 செ.மீ. குறுக்களவில், அதே நீளத்துக்கு ஒரு சின்னக் கட்டு. இந்தச் சின்னதுதான் டிட்டிக்காக்காக்காரர்களின் சாமர்த்தியம், இதற்காகத்தான் அவர்கள் முறையை எடுக்கிறோம் என்றேன். இரண்டு பெரிய கட்டுகளை நேராக ஒன்றோடொன்று கட்டினால் ஏறி உட்கார்ந்ததும் இரண்டும் பக்கவாட்டில் உருளும், நடுவில் பள்ளம் விழும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், சின்னக் கட்டை நடுப்பள்ளத்தின்மேல் வைத்து, ஒரு கயிறை இடது கட்டையும் சின்னக் கட்டையும் சேர்த்துச் சுற்றுகிறார்கள், இன்னொரு கயிறை வலது கட்டையும் அதே சின்னக் கட்டையும் சேர்த்துச் சுற்றுகிறார்கள். இடதும் வலதும் நேரடியாக ஒன்றையொன்று தொட்டுக் கட்டப்படுவதே இல்லை. இறுக்க இறுக்கச் சின்னது உள்ளே புதைந்து, இரண்டு பெரியதும் அதை நெருக்கிக்கொண்டு ஒரே உடம்பாகிவிடும்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கி, 15 செ.மீ.க்கு ஒரு சுற்றாக, திருகு மாதிரியே சாய்வாக முன்னே போங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் சுற்றினால்தான் கோணாமல் வரும். முதல் தடவை தளர்வாகச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம் பின்னாலிருந்து ஒவ்வொரு சுற்றாக ஒருவர் இழுக்க, இன்னொருவர் மரக்கட்டையால் சம்பைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டும்போது வருகிற சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் சரசரவென்று இருக்கும், இறுகினதும் மரத்தைத் தட்டினது போல் கெட்டியாகக் கேட்கும். ரஃபியாவை அப்புறம்தான் வெட்ட வேண்டும், முதலிலேயே வெட்டிவிடாதீர்கள்.

மூக்குக் கயிறு

முன்பக்கம் மேல்நோக்கி வளைந்தால்தான் தண்ணீரை ஏறி மிதிக்கும். ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்து, அடியில் வாளியோ டயரோ கொடுத்து 40, 50 செ.மீ. உயரத்துக்குத் தூக்குங்கள். தூக்கிவிட்டு, மூக்கு நுனியிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் வரை ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். அதை நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடுங்கள்.

"பார்க்க நன்றாக இல்லை, அவிழ்த்துவிடலாமா" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு 'ரா' கதையைச் சொல்லுங்கள். 1969-ல் ஹெயர்டால் மொரோக்கோவின் சாஃபி துறைமுகத்திலிருந்து பாப்பிரஸ் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டார். கட்டியவர்கள் சாட் ஏரிக்காரர்கள். எகிப்தியச் சுவர்ச் சித்திரங்களில், மேலே சுருண்ட பின்முனையிலிருந்து தளத்துக்கு ஒரு கயிறு இழுத்திருக்கும். அது சுருளை அழகாக நிறுத்தி வைப்பதற்குத்தான் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். போகப் போகப் பின்பக்கம் தொங்கி, அலை அதன்மேல் ஏறி, கட்டுகள் அவிழ்ந்து, கரீபியன் தீவுகளை நெருங்கின நிலையில் படகைக் கைவிட வேண்டியதாயிற்று. மறு வருஷமே டிட்டிக்காக்காவிலிருந்து அய்மாரா இனத்து ஆட்களை வரவழைத்து, நான் மேலே சொன்ன நடுக்கட்டு முறையில் 12 மீட்டரில் 'ரா 2' கட்டினார்கள். அது 57 நாளில் பார்படோஸ் போய்ச் சேர்ந்தது.

தார் பூசலாமா?

பழங்காலத்தில் பூசியிருக்கிறார்கள். குவைத்தில் ஏறக்குறைய 7,000 வருஷப் பழைய தார்த் துண்டுகள் கிடைத்தன, ஒரு பக்கம் நாணல் பதிந்த தடம், மறுபக்கம் பார்னக்கிள் என்ற கடல் ஒட்டுயிரி பிடித்த அடையாளம். அந்தத் தார் ஒரு காலத்தில் கடலில் போன படகின் மேல் இருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். ஆனால் நமக்கு வேண்டாம் என்பேன். வீட்டில் தார் காய்ச்சுவது ஆபத்து. அதோடு நம் ஊர் ஈரத்தில் தாருக்குள் அகப்பட்ட தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அழுகும். பூசாத படகு நனையும், ஆனால் காயவும் காயும்.

துடுப்பும் வெள்ளோட்டமும்

ஹுவான்சாக்கோக்காரர்களுக்குப் பலகைத் துடுப்பு கிடையாது. கனத்த மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நமக்கு மூங்கிலுக்கா பஞ்சம். இரண்டு மீட்டர் போதும், ஓரத்தை மட்டும் மணல்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சிலாம்பு ஏறும்.

முதல் நாள் படகின் பின்பக்கம் ஒரு நீளக் கயிறு கட்டி, கரையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இடுப்பளவுத் தண்ணீரில் ஏறிப் பாருங்கள். பின்பாதியில், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், மண்டி போட்டு உட்காருங்கள், எழுந்து நிற்காதீர்கள். பிட்டம் நனையும், அது தப்பில்லை, தண்ணீர் உள்ளே வருகிறதே என்று யாரும் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அரை மணி நேரத்தில் எவ்வளவு தாழ்ந்தது? கொஞ்சம் தாழ்ந்து நின்றுவிட்டால் நல்லது. தாழ்ந்துகொண்டே போனால் சம்பு சரியாகக் காயவில்லை, கரைக்கு எடுத்து வந்து இன்னும் ஒரு வாரம் காயவையுங்கள்.

பாதுகாப்பு அங்கி எல்லா நாளும் வேண்டும், நீச்சல் தெரிந்தவருக்கும். சிலாங்கூர் ஆற்றுக்கு எடுத்துப் போகாதீர்கள், முதலை இருக்கிறது, வற்றும்போது இழுப்பும் அதிகம். "ஹெயர்டால் அட்லாண்டிக்கையே கடந்தார், நாம் கோலா சிலாங்கூரில் கடலில் இறக்கினால் என்ன" என்று பையன்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர் படகைக் கட்டினவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டினவர்கள். குட்டையில் திலாப்பியா பிடிப்பது போதும்.

பிறகு

ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் படகைச் செங்குத்தாக, மூக்கு மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஹுவான்சாக்கோ கடற்கரையில் வரிசையாக நிற்பது இப்படித்தான், பார்க்க அழகு என்பதற்காக இல்லை, தண்ணீர் வடிவதற்காக. இரண்டு, மூன்று நாள் காய்ந்த பிறகே அடுத்த தடவை. கயிறு சுருங்கி விரிந்து இடம் மாறியிருக்கும், ஒவ்வொரு தடவையும் விரலை விட்டுப் பார்த்து, தளர்ந்த சுற்றை இறுக்குங்கள்.

எத்தனை நாள் வரும் என்றால், கடலில் தினம் ஓடுகிற ஹுவான்சாக்கோ படகு சில வாரம், டிட்டிக்காக்காவின் குளிரில் ஆறு மாதத்துக்கு மேலும் வரும். நம் வெக்கையில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். அடிப்பக்கம் கறுத்து, கிள்ளினால் கையோடு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பை வாழை மரத்தடியில் போடலாம், நல்ல உரம். கயிறை மட்டும் வெட்டாமல் பொறுமையாக அவிழ்த்து, கழுவி, காயவைத்துச் சுருட்டி வையுங்கள், மணிலா கயிறு இன்னொரு படகுக்கும் தாங்கும். அறுத்த இடத்தில் சம்பு அதற்குள் மறுபடி ஆளுயரம் வந்திருக்கும்.